கட்டாக்காலியும் கைவிட்ட ஊர்தியும்

உடையவன் தன் பொருளைக் கையிற் பற்றியிருக்குங் காலத்து அவனுடைய உரிமைபற்றி எவரும் வினவுவதில்லை. பொருள் அவன் கையினின்று நீங்கித் தெருவோரத்திலோ பிறன் நிலத்திலோ கடற்கரையிலோ தனித்துக் கிடக்கும்போதே, இது யாருடையது, இதனை எடுப்பதற்கு யாருக்கு உரிமை உண்டு, எடுத்தவன் உடையவனிடம் எதனைக் கேட்கலாம் என்னும் வினாக்கள் பிறக்கின்றன. இக்காலத்தில் இவ்வினாக்கள் பெரும்பாலும் மோட்டார் வண்டிகளைக் குறித்தே எழுகின்றன. ஆயினும் அவற்றுக்கு விடை கூறுஞ் சட்டம் மோட்டார் வண்டியினும் மிகப் பழையது. மாட்டுக்கும் மரக்கலத்துக்கும் முன்னையோர் வகுத்த விதிகளே உருமாறி இன்று தெருவில் நிற்கும் வண்டியை ஆளுகின்றன. அவ்வுருமாற்றத்திலே பெற்றது எது, இழந்தது எது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்து வழக்கிலே கட்டின்றித் திரியும் மாட்டைக் கட்டாக்காலி என்பர். அச்சொல் மாட்டுக்குக் கட்டு இல்லை என்று கூறுகின்றதேயன்றி உடையவன் இல்லை என்று கூறவில்லை. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்தவனும் அதற்கு ஓர் உடையவன் உண்டென்பதையும், அவன் தேடி வருவான் என்பதையும் அறிந்தே அடைக்கின்றான். காணாமற்போன பொருள், விட்டுச்செல்லப்பட்ட பொருள், கைவிடப்பட்ட பொருள் ஆகிய மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே கிடப்பினும், சட்டத்தின் முன் அவை வெவ்வேறு என்பதை இச்சொல் ஒன்றே உணர்த்தவல்லது.

இவ்வேறுபாட்டை நுணுகி ஆராய்ந்தோர் உரோமர். கி.பி. 533 இல் யஸ்டினியன் பேரரசன் வெளியிட்ட சட்டப் பாடநூலிலே, ஒருவன் தன் பொருள் இனித் தனக்கு வேண்டாம் என்னுங் கருத்துடன் எறிந்தாலன்றி அது கைவிட்ட பொருள் ஆகாதென்று விதிக்கப்பட்டுள்ளது. புயலிலே கப்பலின் சுமையைக் குறைத்தற்பொருட்டுக் கடலில் எறியப்பட்ட பண்டங்கள் கைவிட்டவை அல்ல. உயிர் காக்க எறிந்தானேயன்றி உரிமை துறக்க எறிந்தானல்லன். அவற்றைக் கண்டெடுத்துத் தனதாக்கக் கருதுபவன் கள்வன் ஆவான். ஓடுகின்ற வண்டியிலிருந்து உடையவன் அறியாமல் விழுந்த பொருளும் இத்தகையதே என்று அந்நூல் கூறுகின்றது. ஊர்தியைப் பற்றிய இவ்வுவமை நம் பொருளுக்கு மிக அண்மையது. யூலியன் என்னும் சட்டவறிஞர் இதனை இன்னும் தெளிவாக்குகின்றார். பாரம் தாங்கமாட்டாது அதனை வழியில் இறக்கிவைத்து, ஆட்களை அழைத்துக்கொண்டு மீள எண்ணிச் செல்பவனுக்கு அவர் கடலிற் பண்டம் எறிந்தவனை ஒப்பிடுகின்றார். பழுதுற்ற வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டுத் திருத்துவோனைத் தேடிச் சென்ற ஒருவனை இன்று நாம் காணும்போது அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும்.

கைவிட்ட பொருளின் உரிமை எப்போது நீங்குகின்றது என்பதிலும் உரோமருக்குள் பூசல் இருந்தது. எறிந்த கணத்திலேயே நீங்கும் என்றனர் சபீனசின் வழியினர். வேறொருவன் எடுக்கும்வரை அது பழைய உடையவனுடையதே என்றார் புரோக்குலசு. இது வெறுஞ் சொற்போர் என்று தள்ளத்தக்கதன்று. தெருவிலே துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியால் ஒருவனுக்கு ஊறு நேரின் அதற்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு இவ்விரு கொள்கைகளும் வெவ்வேறு விடை தரும். சபீனசின் கொள்கையே யஸ்டினியன் நூலில் நிலைபெற்றது. உரோமன் ஒல்லாந்தச் சட்டம் இலங்கையின் பொதுச் சட்டமாக நிலைத்தமையால், துறக்குங் கருத்தின்றி உரிமை துறக்கப்படுவதில்லை என்னும் நெறி நமக்கும் உரியதாயிற்று.

பாரதநாட்டு அறநூல்கள் இவ்வினாவை வேறொரு பக்கத்திலிருந்து அணுகின. உடையவனின் உள்ளக் கருத்தை ஆராய்வதிலும், பொருளை எத்துணைக் காலம் காத்தல் வேண்டும், காத்தவன் எவ்வளவு பெறலாம் என்பவற்றை வரையறுப்பதிலேயே அவை கருத்தூன்றின. கௌடிலியரின் அர்த்தசாத்திரம், காணாமற்போய்க் கண்டெடுக்கப்பட்ட பொருள் சுங்கச் சாவடியில் வைக்கப்படல் வேண்டும் என்றும், மூன்று பக்கங்கள், அஃதாவது ஏறத்தாழ 45 நாட்கள் கழிந்தும் எவரும் உரிமை கோராவிடின் அரசன் கொள்ளலாம் என்றும் கூறும். யாக்ஞவல்கியர் அக்காலத்தை ஓராண்டாக்கினார். மனு மூன்று ஆண்டு வரையறுத்தார். உரிமை கோருவோன் பொருளின் வடிவு, எண்ணிக்கை, அது தொலைந்த இடம், காலம் ஆகியவற்றைக் கூறி மெய்ப்பித்தல் வேண்டும் என்பதும், பொய்யாகக் கோரினவன் அப்பொருளின் பெறுமதிக்கு ஒத்த தண்டம் இறுத்தல் வேண்டும் என்பதும் மனுவின் விதிகள்.

இவற்றுள் நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டுவது காவற்கூலி பற்றிய பகுதியாகும். அலைந்து திரிந்த விலங்கைக் காத்து மீள அளித்தமைக்கு யாக்ஞவல்கியர் கூறும் கூலி வருமாறு: குதிரை முதலிய ஒற்றைக் குளம்புடையவற்றுக்கு நான்கு பணம், எருமை, ஒட்டகம், பசு ஆகியவற்றுக்கு இவ்விரண்டு பணம், ஆட்டுக்குக் காற்பணம். கௌடிலியர் கூறுவனவும் பெரும்பாலும் இவையே. இக்கூலி தலைக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்டதேயன்றி நாளுக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்டதன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது. மனு அரசனுக்குக் கூறிய பங்கோ ஆறிலொன்று, பத்திலொன்று, பன்னிரண்டிலொன்று என மூவகைப்படும். இம்முரணைத் தீர்க்கப்புகுந்த விஞ்ஞானேசுவரர் தமது மிதாட்சரத்திலே, முதலாண்டில் வந்தவனுக்கு முழுவதையும், இரண்டாம் ஆண்டில் பன்னிரண்டிலொன்று நீக்கியும், மூன்றாம் ஆண்டில் பத்திலொன்று நீக்கியும், அதன்பின் ஆறிலொன்று நீக்கியும் கொடுத்தல் வேண்டும் என்றார். காலம் நீள நீளக் காவலின் பங்கு வளர்கின்றது. ஆனால் ஆறிலொன்றைத் தாண்டிச் செல்லவில்லை. எத்துணைக் காலந் தாழ்த்து வந்தானாயினும் உடையவனுக்கு ஆறில் ஐந்து பங்கு எஞ்சிநின்றது. இவ்வரம்பை வாசகர் நினைவில் இருத்துவாராக. பின்னர் இதனை மீண்டும் காண நேரும்.

கரைமேற் கைவிட்ட ஊர்திகளுக்கு முன்னரே கடலிற் சிதைந்த ஊர்திகளைப்பற்றி அரசர்கள் ஆணை பிறப்பித்தனர். இவ்வகையில் நம் நாட்டிலேயே சிறந்த சான்று ஒன்றுண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவினது (1153-1186). கலாநிதி கா. இந்திரபாலா 1963 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்குதல் வேண்டும், அவர்கள் காக்கப்படல் வேண்டும் என்று கூறும் அவ்வாணை, சிதைந்த கலங்களைப்பற்றி இருவகை விதி செய்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் சிதையின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும், முக்காற் பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகப் பண்டம் ஏற்றிய கலம் சிதையின் பாதி பண்டாரத்துக்கும், பாதி உடையவனுக்கும் உரியன. போருக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருவோரை ஈர்த்தற்பொருட்டு அரசன் அவர்களுக்கு மிகுந்த பங்கை விட்டான் என்பது வெளிப்படை. இதனை அறத்தின்பாற்பட்டது என்பதினும் அரசியல் நுட்பத்தின்பாற்பட்டது என்றலே பொருந்தும். ஆயினும் கரையொதுங்கியது முழுவதும் அரசனுக்கே என்று அவ்வாணை கூறவில்லை. உடையவன் உடையவனாகவே மதிக்கப்படுகின்றான்.

ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244 இல் பொறித்த ஆணை இன்னும் ஒருபடி மேற்சென்றது. புயலால் ஒதுங்கிய கலங்களின் பொருளனைத்தையும் முன்னை மன்னர் வன்மையாற் கவர்ந்தனர் என்று கூறி, தான் வரையறுத்த சுங்கமன்றி வேறொன்றும் கொள்ளவில்லை என்று அம்மன்னன் வணிகருக்கு அபயம் அளித்தான். ஏறத்தாழ அக்காலத்திலே, 1275 இல், இங்கிலாந்தின் வெஸ்மினிஸ்டர் சட்டம் வேறொரு வழியால் அதே முடிவை எய்தியது. சிதைந்த கலத்திலிருந்து ஒரு மனிதனோ, நாயோ, பூனையோ உயிருடன் தப்பின் அக்கலம் உடையவனற்றதாகக் கருதப்படலாகாது. பொருள்கள் ஓராண்டும் ஒருநாளும் காக்கப்படல் வேண்டும்; அதற்குள் உடையவன் வந்து மெய்ப்பிப்பின் அவனுக்கே மீளல் வேண்டும். பூனை தப்பியமையால் ஒரு வணிகனின் செல்வம் தப்புவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் உடையவனின் சுவடு சிறிதேனும் எஞ்சியிருப்பின் அவனைத் தேடல் வேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

தரைக்கு வருவோம். ஆங்கிலேயரின் ஊர்தோறும் பட்டி ஒன்று இருந்தது. தன் நிலத்திற் புகுந்து சேதம் விளைத்த விலங்கை நிலக்காரன் பிடித்து, சேதத்துக்கு ஈடு பெறும்வரை அங்கே அடைத்துவைக்கலாம். இவ்வுரிமை வலியோர் கையில் எளியோரை வருத்துங் கருவியாதல் கூடும் என்பதை அந்நாட்டார் விரைவில் உணர்ந்தனர். 1267 இன் மால்பரோச் சட்டம், பிடித்த பொருளை வேற்று மாவட்டத்துக்குக் கொண்டுசெல்லுதலையும், அளவிறந்து பிடித்தலையும் தடுத்தது. 1554 இல் இயற்றப்பட்ட சட்டமோ, மாட்டை மூன்று மைலுக்கு அப்பாலுள்ள பட்டிக்கு ஓட்டிச்செல்லலாகாது என்றும், பட்டிக்கூலி ஒரு பிடிப்புக்கு நான்கு பென்சுக்கு மேற்படலாகாது என்றும், மீறினவன் ஐந்து பவுண் தண்டம் இறுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. உடையவன் தேடிக்கண்டுபிடிக்கத்தக்க அண்மையும், செலுத்தத்தக்க கூலியும் சட்டத்தினாலேயே உறுதிசெய்யப்பட்டன. பிடித்தவன் விலங்கைப் பயன்படுத்துதலும் ஆகாது. அலைந்த குதிரையொன்றைப் பிடித்தவன் அதனை வேலைக்குப் பூட்டியமையால், அவன் முதலிலிருந்தே அத்துமீறியவனாகக் கருதப்படுவான் என்று 1785 இல் ஒரு வழக்கிலே தீர்ப்பாயிற்று.

அலைந்த விலங்கைப்பற்றி அறிவித்தலும் கட்டாயமாகும். கோவிலிலும், அண்மையிலுள்ள இரு சந்தை நகரங்களிலும் அறிவித்து, ஓராண்டும் ஒருநாளும் காத்திருந்த பின்னரே அது பண்ணைத் தலைவனுக்கு உரியதாயிற்று. இந்தியாவில் ஆங்கில அரசு இயற்றிய 1871 ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் சட்டம் இதனை நம்மவர் வழக்கத்தோடு இயைத்தது. ஏழு நாளில் உடையவன் வாராவிடின், பிடித்த இடத்துக்கு அண்மையிலுள்ள ஊரிலும் சந்தையிலும் பறையறைந்து அறிவித்தல் வேண்டும். அதன்பின்னும் ஏழு நாள் பொறுத்தே பொது ஏலத்தில் விற்றல் வேண்டும். இலங்கையிலும் 1876 இல் இப்பொருள்மேற் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஓராண்டு பதினான்கு நாளாகச் சுருங்கியதாயினும், பறையொலியேனும் உடையவன் செவிக்கு எட்டும் என்னும் எண்ணம் அன்று மறையவில்லை.

மாட்டுச் சட்டம் பொறிவண்டிக்கு முதன்முதல் ஏறிய நிகழ்ச்சி சுவையானது. 1852 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நிலையத்துக்குள் போட்டிக் கம்பனியொன்றின் புகைவண்டிப்பொறி நுழைந்தது. நிலையத்துக்குரிய மிட்லண்ட் புகையிரதக் கம்பனியார் தம் பொறிகளால் அதனைச் சூழ்ந்து, பழைய கொட்டகையொன்றுக்குள் ஓட்டிச்சென்று, வெளியேறாவண்ணம் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டனர். ஏறத்தாழ ஏழு மாதம் அப்பொறி சிறையிருந்தது. வழக்கை 1853 இல் விசாரித்த நீதிமன்றம், அனுமதியின்றிப் புகுந்து தடையாய் நின்ற பொறியையும் பயிர்மேய்ந்த மாட்டைப்போற் பிடித்துவைக்கலாம் என்று ஏற்றது. மாட்டுக்கும் பொறிக்குமுள்ள ஒரு வேறுபாட்டை அன்று எவரும் பெரிதாகக் கருதவில்லை. மாடு தானே புகும்; பொறியை மனிதனே செலுத்துகின்றான். பின்னைய வழக்குகள் யாவும் இவ்வேறுபாட்டையே சுற்றி வந்தன.

மோட்டார் வண்டி மலிந்தபின் கைவிடுதல் என்னுஞ் சொல் புதுப்பொருள் பெற்றது. முன்னாளில் எவனும் மாட்டை வேண்டாமென்று தெருவில் விட்டுச்செல்வதரிது. பழைய மோட்டார் வண்டியோ, பழைய இரும்பின் விலை வீழ்ந்த காலத்திலே, வைத்திருப்பதிலும் விட்டுச்செல்வதே இலாபமாகும் பொருளாயிற்று. பிரித்தானியாவில் டங்கன் சான்டிஸ் கொண்டுவந்த 1967 ஆம் ஆண்டின் நகர நலச் சட்டம், திறந்த வெளியிற் கைவிடப்பட்ட வண்டிகளை அகற்றுதலை உள்ளூர்ச் சபைகளின் கடமையாக்கியது. 1978 இன் சட்டம் அதனை விரிவாக்கி, உடையவனுக்கு இருவகை உரிமைகளை வைத்தது. விற்கப்படுமுன் வந்து அகற்றற்கூலியும் காவற்கூலியுஞ் செலுத்துபவன் வண்டியை மீட்கலாம். விற்கப்பட்டபின் ஓராண்டுக்குள் வருபவன், செலவுபோக எஞ்சிய பணத்தைப் பெறலாம். இவ்வோராண்டிலே யாக்ஞவல்கியரின் ஓராண்டையும், வெஸ்மினிஸ்டர் சட்டத்தின் ஓராண்டையும் ஒருங்கே காண்கிறோம். ஆனால் அறிவித்தற்காலம் வேறு வழியிற் சென்றது. அழித்தற்கே உரியவெனக் கருதப்பட்ட வண்டிகளின்மேல் ஒட்டப்படும் அறிவித்தலுக்கு முன்பு ஏழு நாள் தவணை இருந்தது. இங்கிலாந்தில் 2002 இல் அது 24 மணித்தியாலமாயிற்று. இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம், பொது இடத்திற் பத்து மணித்தியாலம் கவனிப்பாரற்று நின்ற வண்டியைச் சீருடையணிந்த பொலிஸ் அதிகாரியின் ஆணையாற் கட்டியிழுத்துச் செல்லவும், சில்லுப் பூட்டவும் இடமளிக்கின்றது; இழுத்த செலவு முழுவதும் உடையவனைச் சாரும். தெரு யாவர்க்கும் பொதுவாகலின் தடையை விரைந்து நீக்குதல் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. நீக்குதல் வேறு, உரிமையை முடித்தல் வேறு என்பதை மட்டும் மறத்தலாகாது.

தனியார் நிலத்திலே வண்டி நிறுத்தியவர்களின் சில்லுக்குப் பூட்டிட்டுப் பணம் பறித்த தொழில் இவ்வேறுபாட்டை நீதிமன்றங்களுக்கு நினைவூட்டியது. ஸ்கொத்லாந்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் 1992 இல், பணந் தந்தாலன்றிப் பூட்டைக் கழற்றமாட்டேன் என்பது அச்சுறுத்திப் பறித்தலும் களவுமாகும் என்று தீர்த்தது. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1996 இல் மென்மையான வழியை மேற்கொண்டது. வெறுமனே நிற்கும் வண்டி சேதமொன்றும் விளைக்காமையால் பழைய மாட்டுச் சட்டம் பூட்டியவருக்கு உதவாது என்று அது விலக்கியது. ஆயினும் அறிவித்தற் பலகையைக் கண்டும் வண்டியை நிறுத்தியவன் விளைவுக்கு உடன்பட்டவனாவான் என்றது. அதற்கும் எல்லைகள் வகுத்தது: கட்டணம் நியாயமானதாயிருத்தல் வேண்டும், செலுத்த முன்வந்தவுடன் தாமதமின்றி வண்டி விடுவிக்கப்படல் வேண்டும், உடையவன் தொடர்புகொள்ள வழியும் இருத்தல் வேண்டும். 1554 ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்தோருக்கு இவை புதியன அல்ல.

உடன்பாடு என்னும் அவ்வடிப்படை எத்துணை மெல்லியது என்பது 2000 ஆம் ஆண்டில் வால்தம் பொரஸ்ட் நகரசபைக்கு எதிராக நடந்த வழக்கில் வெளிப்பட்டது. மருத்துவமனையிலிருந்து மனக்கலக்கத்துடன் திரும்பிய ஒரு பெண்மணி வழியில் உடல்நலங் குன்றியமையால் வண்டியை ஓரத்தில் நிறுத்தி இறங்கினார். சில நிமிடத்தில் மீண்டபோது சில்லுப் பூட்டப்பட்டிருந்தது. அறிவித்தற் பலகை இருந்ததுண்டு. அவர் அதனைக் காணவில்லை. காணாதவர் உடன்பட்டவரல்லர் என்றும், பூட்டியமை அத்துமீறலே என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இத்தீர்ப்பே இவ்வகை வழக்குகளுள் தலைசிறந்ததென்பது எமது கருத்து. பலகையை நட்டவன் தன் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றான். செய்தி உடையவன் உள்ளத்தை எட்டியதா என்பதையன்றோ சட்டம் கேட்டல் வேண்டும்? பறையறைவித்த பழையவர்களின் கவலையும் அதுவே. இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியார் நிலத்திற் சட்ட அதிகாரமின்றிச் சில்லுப் பூட்டுதல் 2012 ஒக்டோபர் 1 முதல் குற்றமாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவிலே வழக்கு வேறு வடிவம் கொண்டது. அங்கே இழுத்துச்சென்ற தனியார் நிலையத்தார், இழுவைக்கூலியும் நாள்தோறும் வளருங் காவற்கூலியுந் தீரும்வரை வண்டியைப் பற்றிவைத்திருக்கும் உரிமை உடையர். இழுத்தது முறையா என்று உடையவன் எவரிடங் கேட்பது? கலிபோர்ணியாவில் இதற்கு விரைந்த விசாரணை வழி இல்லாமையை ஒன்பதாஞ் சுற்றின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1977 இல் கண்டு, விசாரணையின்றி ஒருவனை அவன் வண்டியினின்று பிரித்து வைத்திருத்தல் அரசியலமைப்புக்கு முரணென்று கூறியது. பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மரக்கிளைகள் பலகையை மறைத்தன என்று வாதிட்ட ஒருவர் 134.50 டொலர் செலுத்தித் தம் வண்டியை மீட்டார். அவர் முறைப்பாடு 27 நாள் கழித்தே விசாரிக்கப்பட்டது. அத்தாமதம் பொறுக்கத்தக்கதென்று ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2003 இல் தீர்த்தது. வண்டி அவர் கையில் இருந்தமையால், அவர் இழந்தது அச்சிறு தொகையைச் சிலநாட் பயன்படுத்தும் வாய்ப்பு மட்டுமே என்பது அம்மன்றத்தின் நியாயம். பணமுடையார்க்கு அந்நியாயம் பொருந்தும். பணங் கட்டமாட்டாதவனுக்கோ கூலி நாள்தோறும் ஏறுகின்றது. பழைய வண்டியாயின் அது வண்டியின் விலையையே விழுங்கிவிடும். ஆறிலொன்றைத் தாண்டாத மிதாட்சரத்தின் வரம்பும், நான்கு பென்சு என்ற வரம்பும் இங்கே இல்லை.

அத்தகையோரின் வழக்கு சிக்காகோ நகரிலிருந்து வந்தது. தண்டப்பணம் செலுத்தாமையால் வண்டியை இழந்தோர் சிலர் கடனிறுக்க இயலாதோராக நீதிமன்றத்திற் பதிந்து, வண்டியை மீளக் கேட்டனர். நகரம் விடுவிக்க மறுத்தது. முன்னரே பிடித்த பொருளை வெறுமனே வைத்திருத்தல் கடன்காரரைத் தடுத்துநிறுத்தும் விதியை மீறியதாகாது என்று உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதியரசர் சொனியா சொட்டமயோர் முடிவுக்கு உடன்பட்டாராயினும் தனியுரை ஒன்று எழுதினார். வேலைக்குச் சென்று பொருளீட்டிக் கடனைத் தீர்த்தற்கே அவ்வேழைகளுக்கு வண்டி வேண்டும் என்பதையும், பொருளை மீட்டுத் தருவதற்குரிய வேறு விதியின்கீழ் நடக்கும் நடவடிக்கைகள் சராசரியாக 100 நாளுக்கு மேல் இழுபடுகின்றன என்பதையும் அவர் அதிற் குறித்துள்ளார். அவ்வேறு விதி அவர்களுக்கு வண்டியைப் பெற்றுத்தருமா என்பதை அம்மன்றம் அன்று முடிவுசெய்யவில்லை.